தண்ணீர் ஒருத்தருக்கு, மீன் இன்னொருத்தருக்கு

போன வாரம் மாப்ள கம்பத்திலிருந்து வந்திருந்தான். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான். "மச்சான், அடுத்த வருசம் ஜீப்பை எடுத்துக்கிட்டு இமாச்சல் வரைக்கும் போறோம். வழியில எங்கெல்லாம் தண்ணி தெரியுதோ அங்கெல்லாம் தூண்டில் போடுறோம்." போனில் மேப்பைத் திறந்து காட்டினான். நீலமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு நட்சத்திரம் வைத்திருந்தான். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 23.

ஆசை எனக்கும் உண்டு. மூங்கில் கழியில் தங்கூசி கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக வைத்து, கண்மாய்க் கரையில் கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்த ஆள்தான் நானும். ஆனால் அந்த 23 நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து பேசினோம், இரவு சாப்பாட்டுக்கு இலை போடும்போது 7 தான் மிஞ்சியிருந்தது. அந்த 16 ஏன் போனது என்பதை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் அவன் கேட்டது, இந்தியா முழுக்கச் செல்லுகிற மாதிரி ஒரே லைசென்ஸ் எடுத்துவிட முடியாதா என்று. முடியாது. ஓட்டுநர் உரிமம் மாதிரி இல்லை இது. நம் அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, கடலில் எல்லைக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பு மட்டும்தான் மத்திய அரசின் பட்டியல். ஆக, மாநிலம் மாறினால் சட்டம் மாறும். ஒரே மாநிலத்துக்குள்ளேயும் காட்டுக்குள் இருக்கும் தண்ணீருக்கு ஒரு துறை, அணைக்கு ஒரு துறை, ஊர்க் கண்மாய்க்கு ஏலம் எடுத்தவர், தோட்டத்துக்குள் இருக்கும் குளத்துக்குத் தோட்டக்காரர். லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று தேடும் முன்னால், இந்தத் தண்ணீரில் இருக்கிற மீன் யாருடையது என்று கேட்க வேண்டும். தண்ணீர் யாருடையது என்பதும் மீன் யாருடையது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. குமுளியில் இருக்கிற எங்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, வீட்டு வாசலிலேயே பெரியாறு ஏரி இருக்கிறது.

1886 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஆங்கில அரசும் போட்ட குத்தகை, 8,000 ஏக்கர், 999 வருடம், ஏக்கருக்கு 5 ரூபாய். 1895 இல் முல்லைப் பெரியாறு அணை வந்து தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது 1970 இல் நடந்தது. அந்த வருடம் மே மாதம் இரண்டு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் போட்டபோது குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயானது, தமிழ்நாட்டுக்கு மின்சாரம் எடுக்கும் அனுமதி உறுதியானது, ஏரியின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளாவிடம் விட்டுக்கொடுத்தது. தண்ணீர் வந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது, அந்தத் தண்ணீரில் நீந்துகிற மீன் மேலேயே கேரளாவுடையதாக இருக்கிறது. மாப்ள வைத்த முதல் நட்சத்திரம் அங்கேதான். "நம்ம தண்ணி தானே மச்சான்" என்றான். தண்ணீர் நம்முடையது, மீன் இல்லை.

சரி, அப்படியானால் கேரளாவில் அனுமதி கேட்கலாமே என்றால், அந்த ஏரி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. இங்கே மன்னான், பளியர் மக்கள்தான் ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு, வனத்துறை அவர்களுக்குக் கொடுத்திருக்கிற உரிமை. விடியற்காலையில் சங்காடம் என்கிற மூங்கில் தெப்பத்தில் வலை எடுத்து வருகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பெரியவர் கூடையைச் சரித்துக் காட்டினார். மேலே கெண்டை, அடியில் மீசை நீண்ட, தலை தட்டையான, கறுத்த ஒரு கெளுத்தி, கை முட்டி அளவுக்கு. "இது நம்ம மீன் இல்ல தம்பி, எவனோ கொண்டாந்து விட்டது, எல்லாக் குஞ்சையும் தின்னுடுது" என்றார். ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்த ஏரிக்கு மேலே இருக்கிற ஓடைகளில் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத ஒரு மீன் இருக்கிறது, 1941 இல் பெயர் வைத்தார்கள், லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று. இங்கே ஆட்கள் பிராமணக் கெண்டை என்பார்கள். அதன் குஞ்சையும் சேர்த்துத்தான் அந்தக் கெளுத்தி தின்கிறது. அதனால்தான் உயிரோடு இருக்கிற இரைமீனை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கேனில் கொண்டுபோகாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்கிற வெளிநாட்டு மீனெல்லாம் வலையில் ஏறியது நினைவிருக்கும். வளர்ப்புக் குளம் உடைந்து வந்தவை. நாம் ஒரு கேனில் கொண்டுபோவதும் அந்த வகைதான்.

காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று பெயர் இருந்தால் பேச்சே வேண்டாம். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 28 ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் போக எதற்கெல்லாம் அனுமதி கொடுக்கலாம் என்று சொல்கிறது. வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருக்கிறவரோடு சட்டப்படியான வேலை. தூண்டில் அந்த வரிசையில் இல்லை. உள்ளே போக டிக்கெட் வாங்கியிருக்கிறோம், ஜீப் சஃபாரிக்குப் பணம் கட்டியிருக்கிறோம், ஆகவே ஓடையில் கோல் போடலாம் என்று நினைப்பது தப்பு. கர்நாடகப் பக்கம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் பீமேஸ்வரி, காலிபோரில் முன்பு பெயர்பெற்ற தூண்டில் முகாம்கள் நடந்தன, பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள், ஆனாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே அங்கே தூண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு இப்போது கோலோடு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மூணு வருடம் முன்பு, மறையூரில். நண்பனுக்குக் கரும்புத் தோட்டம், தோட்டத்தை ஒட்டி ஓடை. "நம்ம நிலம்தான்டா, தாராளமாப் போடு" என்றான். நானும் இன்னொருத்தரும் ஓடை ஏறிக்கொண்டே போனோம், மேலே போகப் போகத் தண்ணீர் தெளிந்து, பாறைக்கு அடியில் மீன் நிழலாகத் தெரிகிற அழகில் எவ்வளவு தூரம் வந்தோம் என்றே தெரியவில்லை. ஒரு வளைவில் வனக் காவலர் ஒருவரும் வாட்சர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். "அண்ணே, ஜண்டா பாக்கலையா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால், நாங்கள் கை ஊன்றி ஏறி வந்த கல் குவியல்தான் அது. இடுப்பு உயரம், பாசி பிடித்து, மேலே பெரணி முளைத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பும் அதில் தேய்ந்துபோன ஓர் எண்ணும். காட்டின் எல்லைக் கல். அதற்குக் கீழே நண்பன் நிலம், மேலே சின்னார் பக்கத்துக் காடு.

பக்கெட்டில் இரண்டு கெண்டை உயிரோடு இருந்தது, அதை விடச் சொன்னார், விட்டோம். பெயர், ஊர், வண்டி எண் எழுதிக்கொண்டார்கள். எங்களை எச்சரித்து அனுப்பியதோடு முடிந்தது. ஆனால் நண்பனையும் வரவழைத்து நிற்க வைத்தார்கள், அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. நாங்கள் அன்றைக்கு வண்டி ஏறி வந்துவிட்டோம், அவன் தினமும் அந்தக் காவலர் முகத்தில் விழிக்க வேண்டியவன். வெளியூர்க்காரன் செய்கிற தப்பு உள்ளூர்க்காரன் தலையில் விடிகிறது. மலைப் பக்கத்தில் யாராவது "என் நிலம்தான், போடு" என்றால், எதுவரைக்கும் உங்கள் நிலம், ஜண்டா எங்கே இருக்கிறது என்று நடந்துபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்து ஆறு சாதாரண ஆறு இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூணாறு மலையில் பிறந்து மறையூர் வழியாக, சின்னார் சரணாலயத்துக்குள் ஓடி, அமராவதி அணைக்குப் போகிற பாம்பாறு. அமராவதி காவிரியில் சேர்கிறது. டோர் ரெமாதேவி என்ற மீனை முதலில் இந்தப் பாம்பாற்றில்தான் கண்டு பெயர் வைத்தார்கள். காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளர்ந்த, முதுகு கூனிய அந்தப் பெரிய மசீர் மீன் இருக்கிறதே, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் கனவு கண்டது, அதற்கு அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. 2018 இல்தான் அதுவும் இதுவும் ஒரே இனம் என்று உறுதி செய்தார்கள். அதே வருடம் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. காவிரிப் படுகையைத் தவிர அது வேறு எங்கும் இல்லை. தப்பித்தவறி என் முள்ளில் அதன் குஞ்சு ஒன்று மாட்டியிருந்தால்? பாம்பாற்றில் மாப்ள வைத்திருந்த இரண்டு நட்சத்திரத்தையும் நானே அழித்தேன்.

மூணாறு வேறு கதை. அங்கே ட்ரவுட் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன். தோட்டத்துக்குள் இருக்கும் தண்ணீர் தோட்ட நிர்வாகத்தின் கையில், ட்ரவுட் பிடிக்க ஹை ரேஞ்ச் ஆங்கிலிங் அசோசியேஷன் என்ற பழைய சங்கம் இருக்கிறது. அவர்களிடம் எழுதிக் கேட்டு, சரி என்றால் போகலாம், ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது. நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு, 1907 இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். அந்த மலையில் மீனுக்கும் வேட்டைக்கும் 1879 லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கினால் பேச்சு மாறிவிடும். இங்கே முக்கியமான வார்த்தை மீன்பாசி ஏலம். ஊராட்சிக் கண்மாயோ நீர்வளத்துறைக் கண்மாயோ, மீன் பிடிக்கிற உரிமையைப் பசலிக் கணக்கில் ஏலம் விடுவார்கள், பசலி ஆண்டு என்றால் ஜூலை 1 இல் தொடங்கி ஜூன் 30 இல் முடிவது. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார், கொக்குக்கும் திருட்டு வலைக்கும் பயந்து கரையில் கொட்டகை போட்டு ஆள் வைத்திருப்பார். அந்தக் கண்மாயில் நாம் கோல் போட்டால் அது அவர் பணம். உத்தமபாளையம் பக்கம் ஒரு கண்மாயில் கொட்டகைக்காரரிடம் போய், அண்ணே ஒரு மணி நேரம் தூண்டில் போட்டுக்கலாமா, பிடிச்சா எடை போட்டுக் காசு குடுத்துடுறோம் என்று கேட்டேன். உட்காரச் சொல்லி டீயே வாங்கிக் கொடுத்தார். ஜிலேபிக் கெண்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்க, கட்லா மட்டும் மாட்டினா விட்டுருங்க, இன்னும் அரைக் கிலோ ஆகலை என்றார். கேட்டுப் போனதால் இந்த ஊரில் கிடைத்தது அதுதான். கேட்காமல் போயிருந்தால் அதே ஆள் கோலைப் பிடுங்கி வைத்திருப்பார், அதிலும் தப்பில்லை.

அணைகள் தனி. ஆழியாறு, அமராவதி மாதிரியான அணைகளில் மீன் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அமராவதி காட்டுக்குள்ளும் வருகிறது, முதலையும் உண்டு, அதையும் அழித்தோம். பாலக்காட்டுப் பக்கம் மலம்புழா, வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு அணைகளில் பட்டியல் சாதி, பழங்குடி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத்தான் மீன்பிடி உரிமை. கொழிஞ்சாம்பாறையில் நம் சொந்தக்காரர்கள் இருப்பதால் அங்கே போவது சுலபம், ஆனால் கேட்க வேண்டிய இடம் சங்கம், அதோடு பக்கத்தில் இருக்கும் மத்ஸ்யபவன். கேரள மீன்வளத்துறையின் உள்ளூர் அலுவலகத்துக்கு அதுதான் பெயர், மலையாளம் வராவிட்டாலும் எல்லையோரத்தில் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம்.

இடம் சரியாக இருந்தாலும் மாதம் தப்பாக இருந்தால் வேலைக்கு ஆகாது. கேரளாவில் ஜூன் மாதம் முதல் மழைக்கு ஆற்றிலிருந்து மீன் கூட்டம் கூட்டமாகப் புதுத் தண்ணீரை எதிர்த்து வயலுக்கும் ஓடைக்கும் ஏறும், எல்லாம் முட்டை போட வருகிற சினைமீன். இதைப் பிடிப்பதை ஊத்தபிடுத்தம் என்பார்கள். நம் ஊரிலும் புதுத் தண்ணிக்கு ஏறுகிற மீனைக் கூடை வைத்து அள்ளியவர்கள்தான் எல்லாரும், எங்கள் அப்பா உட்பட. இப்போது 2010 ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம், 15,000 ரூபாய் அபராதம், 6 மாதம் சிறை வரைக்கும் போகலாம். எனக்கு இந்தத் தடை முழுக்கச் சம்மதம். வயிறு நிறைய முட்டையோடு வருகிற ஒரு மீனைத் தூக்கினால் எத்தனை ஆயிரம் குஞ்சு போகிறது என்று வயிற்றைக் கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல் பக்கம் போகிறவர்கள், கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் (விசைப்படகு இழுவலை) தடை, தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெடி, மருந்து, கரண்ட் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மலைப் பக்கம் தோட்டா போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. மூலச் சட்டத்தில் தண்டனை 2 மாதம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். அன்றைக்கு 200 ரூபாய் பெரிய தொகைதான். அப்படிப் பிடிக்கிற இடத்துக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், கூட நிற்கிறவரும் மாட்டுவார்.

அப்புறம் வடக்கே. திண்டுக்கல்லில் என்.எச். 44 ஐப் பிடித்தால் கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மாநிலம் மாறிக்கொண்டே இருக்கும். துங்கபத்திரா, கிருஷ்ணா, கோதாவரி எல்லாவற்றையும் பாலத்தில் கடப்போம், கடக்கிற ஒவ்வொரு பாலத்திலும் மாப்ள நட்சத்திரம் வைத்திருந்தான். ஒரு மணி நேரத் தூண்டிலுக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் அலுவலகம் தேடி அலைவது நடக்கிற காரியமில்லை, ஆகவே வழியில் கோல் ஜீப்பின் மேல் கட்டியபடியே வரும் என்று முடிவு செய்தோம். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் ஆறு வரும், அங்கே நீண்ட மூக்கு முதலைக்காகவே சரணாலயம் வைத்திருக்கிறார்கள். வலையில் சிக்கி அந்த முதலைகள் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. அங்கே இறங்கிப் பார்ப்போம், பைனாகுலரோடு மட்டும்.

கடைசி நட்சத்திரம் தீர்த்தன் ஆறு, குல்லு மாவட்டம். இதற்குத்தான் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப் போகிறோம். இமாச்சல மீன்வளத்துறை ட்ரவுட் ஆறுகளுக்கு நாள் கணக்கில் லைசென்ஸ் கொடுக்கிறது, எந்த ஆற்றில் எந்தப் பகுதி என்றும் வரையறை உண்டு. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ட்ரவுட் இனப்பெருக்க காலம், மூடிவிடுவார்கள். மற்ற ஆறு, அணைகளுக்கு ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை தடை. தீர்த்தனிலும் மேலே ஏறினால் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா, அதன் வாசலுக்கு வெளியே மட்டும்தான் கோல். மறையூர் ஜண்டா எனக்கு அங்கேயும் நினைவு வரும்.

அனுமதிச் சீட்டு கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். நான் ஒருமுறை ஓர் இடத்தில் வாங்கின சீட்டில் கார்பன் காப்பி மங்கிப்போய், தேதி 3 ஆ 8 ஆ என்று தெரியவில்லை, கோல் எண்ணிக்கை எழுதவே இல்லை, முத்திரை பாதி தாளுக்கு வெளியே விழுந்திருந்தது. திரும்பிப் போய்க் கேட்டு, கொட்டை எழுத்தில் எழுதி வாங்க அரை மணி நேரம் ஆனது. மதியம் கரையில் சோதனைக்கு வந்தவர் முதலில் பார்த்தது அந்தத் தேதியைத்தான். பெயர், தேதி, ஆற்றின் எந்தப் பகுதி, எத்தனை கோல், வைத்துக்கொள்ளலாமா விட்டுவிட வேண்டுமா, கொடுத்தவர் கையெழுத்து, பணத்துக்கு ரசீது. ரசீது இல்லாமல் கையில் பணம் வாங்குகிறவரிடம் அனுமதி வாங்காதீர்கள், அது அனுமதியே இல்லை. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அசலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், மலையில் சிக்னல் இருக்காது, நனைந்த சீட்டை யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இமாச்சலத் துறைக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறோம், மூணாறு சங்கத்துக்கு ஒரு கடிதம். பதில் வந்த பிறகுதான் ஜீப்புக்கு டயர் மாற்றுவது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது கிளம்பலாம் என்று பேச்சு. மார்ச்சில் அங்கே ஆறு திறந்திருக்கும், பனி உருகி வெள்ளம் ஏறுவதற்கு முன்னால் தண்ணீரும் தெளிவாக இருக்கும். சித்ரா பௌர்ணமிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அக்காவின் கண்டிஷன், வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மேலே விடுவார்கள். அதற்கும் இரண்டு மாநிலத்தின் அனுமதி வேண்டும்.